பீரங்கி வாயின் இரு பக்கம்

மழை தகரக் கூரையில் இறங்கியதும் போதகர் ஆசீர்வாதத்தின் குரல் காணாமல் போய்விட்டது. வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பிரசங்க பீடத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் இன்னும் உரக்கப் பேசப் பார்த்தார், கழுத்து நரம்பு புடைத்தது, ஒரு சொல்லும் வந்து சேரவில்லை. ஞானாபரணத்துக்கு இதில் ஒரு சின்னத் திருப்தி. பர்மாவில் இந்த மோல்மேன் மழை இப்படித்தான், பிடித்தால் ஊரையே செவிடாக்கிவிட்டுத்தான் விடும். இடது காது போனதிலிருந்து இத்தனை வருஷமாக இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, போதகர் சிரித்தால் தானும் சிரித்து, மற்றவர்கள் தலை குனிந்தால் தானும் குனிந்து ஒப்பேற்றியவர் அவர். இன்றைக்கு முன் பெஞ்சு டாக்டரும் பின் பெஞ்சு அரிசி மில் மானேஜரும் அவரைப் போலவே முகத்தைப் பக்தியாக வைத்துக்கொண்டு ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். மாகியிடம் சொன்னால் சிரிப்பாள். வலது பக்கம் திரும்பினார். கேட்கிற காதின் பக்கம்தான் அவள் உட்காருவாள், கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அவள் சிரிக்கிற முகமாக இல்லை. மடியில் கைக்குட்டையை நாலாக மடிப்பதும் பிரிப்பதும் மறுபடி மடிப்பதுமாக இருந்தாள். நேசன் எங்கே? வழக்கமாக அம்மாவுக்கு அந்தப் பக்கம் உட்காருகிற பிள்ளை, இன்றைக்கு முன்னால் வாலிபர்களோடு போய் உட்கார்ந்திருக்கிறான். பிடரி தெரிகிறது. முடி வெட்டியிருக்கிறான், காதுக்கு மேலே தோல் வெளுப்பாகத் தெரிகிற மாதிரி ஒட்ட வெட்டியிருக்கிறான். எப்போது வெட்டினான்? கேட்க வேண்டும். பக்கத்துப் பெஞ்சில் யாரோ நனைந்த கம்பளிக் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். அந்த வாடை எழுந்து வந்தது, ஈரமான ஆட்டு ரோம வாடை, அதோடு ஞானாபரணம் ஆலயத்தில் இல்லை.

அது மார்கழிப் பனியின் வாடை. சிட்டாங் ஆற்றங்கரையில் விடிகிற நேரம், ஆறு எது கரை எது என்று தெரியாமல் மூடியிருக்கும் பனி, அதற்குள் கம்பளிக் கோட்டோடு எழுந்து நிற்கிற உருவங்கள். மண்டலே ராஜாவைப் பிடித்துக் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிய குளிர்காலம் அது. அதோடு சண்டை முடிந்தது என்று மோல்மேன் மரக் கம்பெனிகளில் விருந்து வைத்தார்கள், பிறகுதான் சண்டையே தொடங்கியது. சிட்டாங் பக்கம் ஊர் ஊராகக் கலகம், தந்திக் கம்பியை அறுத்தார்கள், போலீஸ் தாணாவை எரித்தார்கள். நிஜப் பட்டாளமெல்லாம் வடக்கே போய்விட்டதால் வாலண்டியர்களைக் கூப்பிட்டார்கள். வாலண்டியர் பீரங்கிப் படை! மரக் கம்பெனிக் கிளார்க்குகள், ஸ்டீமர் பிட்டர்கள், சுங்கத்துக் குமாஸ்தாக்கள், சனிக்கிழமை சாயங்காலம் மைதானத்தில் இரண்டு குட்டிப் பீரங்கியை வைத்துக்கொண்டு பெண்கள் பார்க்க விளையாடிக்கொண்டிருந்தவர்கள். எல்லாரும் வெள்ளைக்காரர்கள், இல்லாவிட்டால் வெள்ளைக்கார அப்பனுக்குப் பிறந்த சட்டைக்காரர்கள். தரங்கம்பாடித் தமிழன் ஞானாபரணத்துக்கு அங்கே என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை. ஆள் பற்றவில்லை, அவ்வளவுதான். காப்டன் துரை மரக்கிடங்கு மானேஜர், அவர் ஆபீசுக்குள் வந்து மேஜை மேஜையாகப் பார்த்தார். கால்சட்டை போடுகிறான், கோயிலுக்குப் போகிறான், இங்கிலீஷில் சொன்னால் புரிந்துகொள்கிறான். "உன் பெயர் என்ன?" ஞானாபரணம் சொன்னார். காப்டன் இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு "ஏப்ரஹாம்" என்று எழுதிக்கொண்டார். பக்கத்து மேஜையில் வில்லி ஹாலட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். வில்லிதான் தூண்டிவிட்டது. "வா ஏப்ரம், வராமல் இருந்தால் கிழவனாகிற வரை பலகை எண்ணிக்கொண்டே இருப்பாய்" என்று இங்கிலீஷில் சொன்னது அவன்தான். அவன் எல்லாம் இங்கிலீஷில்தான் சொல்வான். நீராவிப் படகு இன்ஜினீயர் ஹாலட் துரையின் மகன், செம்பட்டை முடி, பழுப்புக் கண், அப்பா இறந்துவிட்டார், அம்மா கோவாப் பக்கத்துக் குடும்பம், அவளும் இறந்துவிட்டாள் என்பான். தமிழ்க் கூலிகள் ஏதாவது கேட்டால் புருவத்தைச் சுருக்கி, "ஏப்ரம், இவன் என்ன சொல்கிறான்?" என்பான். ஞானாபரணம் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விடுவான். ஆனாலும் அவனைப் பிடித்திருந்தது. ஏன் பிடித்திருந்தது என்று இன்றைக்கும் தெரியாது. சிலரைப் பிடிக்கிறது.

பீரங்கி வாயின் இரண்டு பக்கமும் அவர்கள் இரண்டு பேர்தான். ஞானாபரணம் வலது பக்கம், கையில் நீளக் கோல், அதன் நுனியில் தண்ணீரில் நனைத்த ஆட்டுத்தோல் துடைப்பம். ஒரு வெடி வெடித்ததும் அதைக் குழலுக்குள் அடிவரை விட்டுத் திருகி எடுக்க வேண்டும், உள்ளே ஒரு பொறி மிச்சம் இருக்கக்கூடாது. வில்லி இடது பக்கம். துடைத்து முடித்ததும் அவன் மருந்துப் பையை வாய்க்குள் வைத்துத் தள்ளுவான், பிறகு குண்டு. பொறி ஒன்று மிஞ்சியிருந்தால் மருந்து அவன் கையிலேயே வெடிக்கும். அவ்வளவுதான் விஷயம், ஆனால் அது என்ன லேசான விஷயமா? ஒருவன் கை இன்னொருவன் துடைப்பத்தில் இருந்தது. முதல் நாள் ஞானாபரணம் இரண்டு தடவை துடைத்தார், சார்ஜன்ட் கத்தினான், "ஒரு தடவை போதும், உன் பாட்டி வீட்டு அண்டா இல்லை அது!" வில்லி சார்ஜன்டைப் பார்க்கவே இல்லை, ஞானாபரணத்தைத்தான் பார்த்தான், கண்ணாலேயே 'துடை' என்றான். அதற்குப் பிறகு அவர் தலையை ஆட்டாமல் அவன் மருந்தை எடுத்ததே கிடையாது. மாட்டு வண்டி போகாத சேற்றில் பீரங்கியை இழுக்க மரக்கிடங்கு யானையைக் கொண்டுவந்தார்கள், நாற்பது வருஷம் தேக்கு இழுத்த கிழட்டு யானை. இழுக்கும்வரை தங்கம். பீரங்கியை நிறுத்தி வாயை எதிர்ப்பக்கம் திருப்பினோமோ இல்லையோ, அதற்குத் தெரிந்துவிடும், பாகன் என்ன கத்தினாலும் கேட்காமல் ஆற்றில் இறங்கி அக்கரைக்குப் போய் நின்றுகொள்ளும். வெடி முடிந்ததும் தானாகத் திரும்பி வரும். காப்டன் சொன்னார், இந்தப் படையில் புத்தியுள்ள ஆள் அது ஒன்றுதான் என்று. நேசன் சின்ன வயதில் இந்த இடத்துக்கு எத்தனை தடவை சிரித்திருப்பான். "யானை போச்சா? அப்புறம் திரும்பி வந்துச்சா?" திரும்பத் திரும்பக் கேட்பான். சொல்லச் சொல்லக் கதையில் யானை பெரிதாகிக்கொண்டே போயிற்று.

மழை கொஞ்சம் தணிந்தது. போதகரின் குரலில் ஒரு நுனி வந்து தொட்டுவிட்டுப் போயிற்று, ராஜா, சண்டை, பிள்ளைகள் என்று ஏதோ. இப்போது புதிதாக ஒரு பெரிய சண்டை. பேப்பரில் தினமும் வருகிறது, பாஸ்ரா என்று ஒரு ஊர், பாலைவனமாம், அங்கேயும் ஆறு ஒன்று இருக்கிறதாம். ஆறு என்றால் வாத்து இருக்குமா? சிட்டாங்கில் காட்டு வாத்து வானத்தை மறைத்துக்கொண்டு வரும். வில்லி ஒரு சிறு துப்பாக்கி கடன் வாங்கிக்கொண்டு போய் கைக்கு நாலாகத் தொங்கவிட்டுக்கொண்டு வருவான். சுடத் தெரிந்தவனுக்குச் சமைக்கத் தெரியாது. ஞானாபரணம்தான் உப்பும் மிளகும் தடவி மூங்கிலில் குத்தி வாட்டுவார். தட்டுக்கு ஆள் அதிகம், அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரே தகரத் தட்டு. முதல் நாள் வில்லி தட்டின் நடுவே விரலால் ஒரு கோடு கிழித்தான், "இது உன் பக்கம், இது என் பக்கம்." மூன்றாம் நாள் கோட்டை மறந்துவிட்டான். கொழுப்பு ஒழுகுகிற வாத்துத் தொடையைக் கையால் பிய்த்துத் தின்றுகொண்டு, குளிரில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, பிட்டர் ஒருவன் வாய் ஹார்மோனியம் வாசிக்க, பனிக்கு மேலே ஒரு பெரிய நட்சத்திரம். அப்படி ஒரு காலம் அதற்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, சண்டையைப் போய் வாழ்க்கையிலேயே நல்ல காலம் என்று நினைக்க. ஆனால் பொய் சொல்ல முடியுமா? ஆபீசில் அவர் தமிழன், ஊருக்குப் போனால் ரங்கூன்காரன், அந்தக் குளிர்காலம் மட்டும்தான் அவர் துடைக்கிறவன். ஏப்ரஹாம் எங்கே, ஏப்ரஹாமைக் கூப்பிடு, துடைக்கிறவன் இல்லாமல் எப்படி? இதெல்லாம் நேசனிடம் சொன்ன கதைதான். யானை, வாத்து, தட்டில் கோடு, ஆற்றில் விழுந்த சார்ஜன்டின் தொப்பி. சொல்லிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்திவிடுவார். அதற்கு அப்புறம் படகு. படகுக்கு முன்னால் நிறுத்தி, "அப்புறம் எல்லாரும் வீட்டுக்கு வந்தோம்" என்பார். மாகி அந்த அறையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பாள், தலை நிமிரமாட்டாள். எல்லாரும் வரவில்லை என்று அவளுக்குத் தெரியாதா? வில்லி அவள் அண்ணன்.

படகு வேண்டாம். யானைக்குப் போகலாம். யானை அக்கரையில் நின்று காதை ஆட்டுகிறது. அன்றைக்கு எதிரே மூங்கில் கோட்டை, கூர் சீவிய மூங்கிலை நெருக்கி நட்டு, உள்ளிருந்து சுட்டார்கள், பழைய நாட்டுத் துப்பாக்கிகள், புகைதான் அதிகம். இரண்டு பீரங்கியும் மத்தியானம் வரை ஓயவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் குழல் பின்னால் துள்ளும், அதை மறுபடி முன்னால் தள்ளி, துடைத்து, தலையை ஆட்டி, மருந்து, குண்டு, ஒதுங்கி நின்று வாயைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும், வாய் மூடியிருந்தால் காது போய்விடும் என்பார்கள். ஞானாபரணம் திறந்துதான் வைத்திருந்தார். எந்த வெடியில் போயிற்று என்று தெரியவில்லை. ஒரு கட்டத்தில் வில்லியின் உதடு அசைகிறது, சத்தம் இல்லை, இடது பக்கம் உலகமே பஞ்சு அடைத்த மாதிரி. பயப்படவில்லை. வேலை இருந்தது. சாயங்காலம் கோட்டைக்குள் போனபோது ஆட்கள் பின்பக்கமாகப் போய்விட்டிருந்தார்கள். அடுப்பில் ஒரு பானை சோறு குழைந்துகொண்டிருந்தது, யாரோ ஒருத்தியின் சீப்பு வாசற்படியில் கிடந்தது. வில்லி சீப்பை எடுத்துப் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்தான். அதை நேசனிடம் சொல்லியிருக்கிறாரா? இல்லை. சோற்றைச் சாப்பிட்டதை மட்டும் சொல்லியிருக்கிறார், அதையும் வேடிக்கையாகத்தான். அன்று ராத்திரி வில்லிக்குக் குளிர் எடுத்தது. எல்லாருக்கும்தான் காய்ச்சல் வந்தது, வந்தது, போனது. இவனுக்குப் போகவில்லை. பற்கள் தட்டுகிற சத்தம் வலது காதில் கேட்டது. காப்டன் வந்து பார்த்து, ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் வரை படகில் கொண்டுபோகச் சொன்னார். "கூட யார் போகிறது?" அதைக் கேட்டிருக்கவே வேண்டாம்.

சரி, படகுதான். சுற்றிச் சுற்றி எப்படியும் அங்கேதான் வந்து நிற்கிறது. மூங்கில் பாயால் கூண்டு போட்ட நாட்டுப் படகு, பின்னால் பர்மியப் படகோட்டியும் அவன் மனைவியும், பாய்க்கு அடியில் வில்லியின் தலை ஞானாபரணத்தின் மடியில். ஆறு மெதுவாகப் போயிற்று. சீக்கிரம் போ என்று சொல்ல பர்மியச் சொல் தெரிந்திருந்தும் வாயில் வரவில்லை. முதல் நாள் வில்லி இங்கிலீஷில் உளறினான், பலகைக் கணக்கு, காப்டனின் நாய், பிரின்சஸ் தெருவில் ஒரு பெண். இரண்டாம் நாள் வெயில் சாய்கிற நேரம் அவன் கண்ணைத் திறக்காமல் சொன்னான்: "அம்மா, தண்ணி." ஞானாபரணம் படகோட்டியின் மனைவியைப் பார்த்தார். அவளுக்கு எப்படித் தமிழ் தெரியும்? சுற்றிப் பார்த்தார். தமிழ் பேச ஆற்றில் வேறு யார் இருக்கிறார்கள்? "அம்மா, தொண்டை எரியுது, தண்ணி குடு." நல்ல தமிழ். நாகப்பட்டினத்துப் பக்கத்து இழுப்போடு, வாசலில் விளையாடிவிட்டு ஓடிவந்து கேட்கிற பிள்ளையின் தமிழ். வருஷக்கணக்காகப் பக்கத்து மேஜையில் இருந்துகொண்டு இவன் என்ன சொல்கிறான், அவன் என்ன சொல்கிறான் என்று கேட்டவன். ஞானாபரணம் தண்ணீரைத் துணியில் நனைத்து உதட்டில் பிழிந்தார். "ரசம் வெச்சியா?" "வெச்சிருக்கேன்." தன் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. "சோத்துல ஊத்திப் பிசைஞ்சு குடு. அவங்க வரதுக்குள்ள குடு." "குடுக்கிறேன் ராசா." "லாம்பை அணைச்சுடாதே." "அணைக்கலை, நான் இங்கதான் இருக்கேன்." ஒரு தடவை நினைவு தெளிந்தது. பழுப்புக் கண் நேராகப் பார்த்தது. "ஏப்ரம்," என்றான் இங்கிலீஷில், "நான் ஏதாவது உளறினேனா?" "இல்லை." "ஒன்றும் இல்லையே?" "ஒன்றும் இல்லை. தூங்கினாய்." "நல்லது" என்று கண்ணை மூடிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் மறுபடி தமிழ். கடைசியில், விடிவதற்கு முன்னால், பனி இறங்கிக்கொண்டிருந்தபோது, அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். ஏப்ரம் இல்லை. "ஞானாபரணம்," அந்த ஞாவை மூக்கில் அழுத்தி, ணகரமும் பிசகாமல், அவருடைய அம்மா கூப்பிடுகிற மாதிரி, "கையை எடுக்காதே." எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி ஊர் வருகிறவரை எடுக்கவில்லை. அது வரும்போது எடுத்தாலும் ஒன்றுதான் எடுக்காவிட்டாலும் ஒன்றுதான் என்று ஆகியிருந்தது. வில்லி. வில்லியம் ஹாலட். வில்லியம்.

"வில்லியம்" என்று ஒரு குரல் சொன்னது. உள்ளேயிருந்து வருகிற குரல் என்றே நினைத்தார். ஆனால் உள்ளே இருக்கிற குரல் வலது காதில் மட்டும் கேட்காதே. மழை நின்றிருந்தது. கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம், யாரோ இருமுகிற சத்தம், எல்லாம் திடீரென்று தெளிவாக இருந்தது. மாகியின் கை அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தது, நகம் பதிகிற மாதிரி. பிரசங்க பீடத்தில் போதகர் ஒரு காகிதத்தைத் தூக்கிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார், பாஸ்ராவுக்குப் போகிற வாலண்டியர் பீரங்கிப் படைக்குப் பெயர் கொடுத்த நம் சபைப் பிள்ளைகள், ஒவ்வொருவராக எழுந்து நில்லுங்கள், சபை உங்களுக்காக ஜெபிக்கும். முன்னால் மூன்று வாலிபர்கள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள். "வில்லியம் தேவநேசன்" என்று போதகர் மறுபடி படித்தார். ஒட்ட வெட்டிய பிடரி ஒன்று எழுந்தது. நேசன். பெயர் வைத்தது இவர்தான், மாமன் பெயர் முன்னால் இருக்கட்டும் என்று. வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நேசா, நேசா என்றே கூப்பிட்டு முன்னால் ஒரு பெயர் இருப்பதே மறந்திருந்தது. நேசன் திரும்பிப் பார்த்தான். அம்மாவைப் பார்க்கவில்லை, அவரைத்தான் தேடிப் பார்த்தான். சிரித்தான். அந்தச் சிரிப்பு அவருக்குத் தெரியும். யானை திரும்பி வருகிற இடத்தில் சிரிக்கிற சிரிப்பு.

எல்லாரும் எழுந்து நின்றார்கள், அவரும் நின்றார், கண்ணை மூடினார், ஜெபம் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. மூடின கண்ணுக்குள் ஹாலட் வீட்டு முன்னறை. வில்லியின் தொப்பியையும் சங்கிலிக் கடிகாரத்தையும் கொண்டுபோய்க் கொடுக்கப் போனபோது மாகிக்கு இருபது வயதுகூட இல்லை, கறுப்பு கவுன் போட்டுக்கொண்டு நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள், இங்கிலீஷில் நன்றி சொன்னாள். வெள்ளைச் சேலை கட்டின ஆயா தேநீர் கொண்டுவந்தாள். அந்த ஆயாவை அவர் முன்பும் பார்த்திருக்கிறார், வில்லி "ஆயா, டீ" என்று உள்ளே பார்த்துக் கத்துவான். "சர்க்கரை போடவா தம்பி?" என்று அவள் கேட்டாள். அந்த இழுப்பு. படகில் கேட்ட அதே இழுப்பு. கோப்பை ஆடியதில் தேநீர் சட்டையில் கொட்டியது. துடைக்கிற சாக்கில் சமையல்கட்டுக்குப் போனார். "நீங்கதானே அம்மா?" என்றார். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெயர் அன்னம்மாள் என்று பிறகுதான் தெரியும். அவர் எல்லாவற்றையும் சொன்னார், தண்ணீர், ரசம், லாம்பு. அவள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு கேட்டாள். கடைசியில், "மாகிகிட்ட சொல்லாதே தம்பி" என்றாள். "அவன் எவ்வளவு பாடுபட்டுக் கட்டின வேஷம். துரையாவே போனான்னு அவ நினைக்கட்டும். நான் கலைக்க மாட்டேன், நீயும் கலைக்காதே." சரி என்றார். வாசல்வரை வந்தவள் மெல்லிய குரலில், "எப்படிக் கூப்பிட்டான், இன்னொரு தரம் சொல்லு" என்றாள். அதற்காகவே போனார், ஒவ்வொரு சனிக்கிழமையும், சமையல்கட்டில் நின்று அந்த இரண்டு சொல்லைச் சொல்லிவிட்டு வர. போகப்போக முன்னறையில் மாகியும் பேச ஆரம்பித்தாள். ஒருநாள் தமிழில் பேசினாள், தட்டித் தடவி. கல்யாணத்தன்று அவள் செய்த முதல் காரியம், வெள்ளைச் சேலை கட்டின அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்து முதல் பெஞ்சில் உட்காரவைத்தது. ஊர் சட்டைக்காரர்கள் பாதிப் பேர் எழுந்து போனார்கள். அன்னம்மாள் இறந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. கொடுத்த வாக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. மாகி கேட்டதில்லை, அவர் சொன்னதில்லை. இருவருக்கும் நடுவே வில்லி ஒரு மூடின அறை மாதிரி, அதைத் தாண்டித்தான் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் போய்வந்துகொண்டிருந்தார்கள். ஆமென் என்றார்கள். அவரும் ஆமென் என்றார்.

வெளியே முகப்பில் கூட்டம் கலைகிறவரை மூன்று பேரும் ஒதுங்கி நின்றார்கள். ஆட்கள் வந்து நேசனின் கையைக் குலுக்கினார்கள், டாக்டர் முதுகில் தட்டினார். மாகி எல்லாருக்கும் தலையை ஆட்டினாள். கடைசி ஆளும் குடையை விரித்துக்கொண்டு போனபிறகு மகனிடம் திரும்பினாள்.

"எப்பக் குடுத்தே பேரை?"

"புதன்கிழமைம்மா. ஞாயித்துக்கிழமை சேத்துச் சொல்லலாம்னுதான்..."

"சேத்துச் சொல்லலாம்னு? ஊரோட சேத்து எனக்கும் சொன்னியா?"

"அம்மா, நீங்க அழுவீங்கன்னு தெரியும். அப்பாவுக்குச் சந்தோஷமா இருக்கும்னு நினைச்சேன்." நேசன் அவரைப் பார்த்தான். "பீரங்கிப்படைதான்பா. உங்களுது மாதிரியே."

சந்தோஷம் இல்லை என்று சொல்ல முடியுமா? சபை முன்னால் அவன் எழுந்து நின்றபோது நெஞ்சு நிமிர்ந்தது நிஜம்தானே. அதே மூச்சில் அவனைப் பிடித்து உட்காரவைக்க நினைத்ததும் நிஜம்தான். இரண்டில் எதைச் சொல்வது? அவர் கொடுத்தது முழுக்கதை இல்லை, யானைவரைக்கும் கொடுத்தார், இவன் அதை வைத்துக்கொண்டு கப்பல் ஏறப்போகிறான். கையெழுத்துப் போட்டாகிவிட்டது. தடுக்க முடியாது, தடுக்க அவருக்கு என்ன அருகதை? ஆனால் பாதிக்கதையோடு அனுப்பக்கூடாது. அன்னம்மாள் முகம் வந்தது, அடுப்பு வெளிச்சத்தில். மன்னிச்சுக்குங்கம்மா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

"உக்காருங்க ரெண்டு பேரும்" என்றார், முகப்பு பெஞ்சைக் காட்டி. "வில்லி செத்துப்போனதை நான் சொன்னதே இல்லை. உங்கிட்டயும் சொன்னதில்லை மாகி."

அவள் உட்கார்ந்தாள். நேசன் நின்றுகொண்டே இருந்தான். ஞானாபரணம் சொன்னார். வாசற்படியில் கிடந்த சீப்பிலிருந்து தொடங்கினார், பற்கள் தட்டிய சத்தம், மூங்கில் கூண்டு, மெதுவாகப் போன ஆறு. எதையும் இனிப்பாக்கவில்லை. உதடு வெடித்து ரத்தம் வந்ததைச் சொன்னார், அவனைச் சுத்தம் செய்ததைச் சொன்னார். "அம்மா, தண்ணி" என்கிற இடம் வந்தபோது அதையும் சொன்னார், வில்லி சொன்ன இழுப்போடு. மாகி கைக்குட்டையை மடிப்பதை நிறுத்தினாள். அன்னம்மாள் வாங்கிய வாக்கு வரை சொல்லி முடித்தார். முகப்பின் ஓரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நேசன் கேட்டான். குரல் சிறுத்திருந்தது. "மாமாவுக்கு நீங்க இருந்தீங்கப்பா. எனக்கு யாரு இருப்பாங்க?"

"தெரியலை நேசா."

"போகவேணாம்னு சொல்றீங்களா?"

"சொல்லலை. நீயும் இப்படி ஒருத்தன் தலையை மடியில வெச்சுக்க வேண்டியிருக்கும், இல்ல உன் தலையை ஒருத்தன் வெச்சுக்குவான். தெரிஞ்சுக்கிட்டுப் போ. அவ்வளவுதான்."

நேசன் அம்மாவுக்கு அந்தப் பக்கம், வழக்கமான இடத்தில் வந்து உட்கார்ந்தான். மாகி அவன் ஒட்ட வெட்டிய தலையில் கையை வைத்தாள், சொரசொரப்பைத் தடவிக்கொண்டே தெருவைப் பார்த்தாள். அழவில்லை. அண்ணனைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசி ஞானாபரணம் கேட்டதில்லை, கல்யாணமான நாள் முதல் இன்றுவரை. இப்போதும் பேசமாட்டாள் என்றுதான் நினைத்தார்.

"அம்மாவுக்குத் தெரியாது," என்றாள். "நானும் அவனும் சின்னதுல ஒரே கட்டில்ல படுப்போம். தூக்கத்துல பேசுவான். விடிய விடியப் பேசுவான், எல்லாம் தமிழ்லதான். காலையில சொன்னா என்னை அடிக்க வருவான்."